எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறீர்களா? புதுசா, பழசா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். எலெக்ட்ரிக் காரில் பேட்டரி இருக்கிறது. அதைக் கவனித்துக் கொள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் சாப்ட்வேர் இருக்கிறது. அவ்வப்போது அப்டேட் வருகிறது. லேப்டாப் வாங்கும்போது என்னென்ன கேட்போமோ, அதில் பாதியை இங்கும் கேட்க வேண்டும். மீதிப் பாதிக்கு எக்செல் போதும்.

சில மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியில் இருந்து அக்கா போன் செய்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், கோவையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். போக 45 கிலோ மீட்டர், வர 45 கிலோ மீட்டர். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு பஸ் சரியாக அமைவதில்லை. பழைய பெட்ரோல் காரில் போய் வந்தால் சம்பளத்தில் பெரிய பங்கு பங்க்கிலேயே போய் விடுகிறது. எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று முடிவு செய்து விட்டார்கள். கையில் இருப்பது 5 லட்சம். அக்கா 5 வருடம் சீட்டு கட்டி எடுத்த பணம். மீதிக்கு லோன்.

"புதுசு வாங்கினா தவணை கழுத்தை நெரிக்கும். பழசு வாங்கினா பேட்டரி போயிடும்னு பயமா இருக்கு. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா.

அவர்களுக்காக நான் தேடிப் படித்ததையும், போட்ட கணக்கையும், கடைசி நிமிடத்தில் தப்பித்த கதையையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

பேட்டரியில் இருந்து தொடங்குவோம்

கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். கடையில் ஆன் செய்து காட்டியபோது 3 மணி நேரம் பேட்டரி இருக்கிறது என்று ஸ்கிரீனில் காட்டியது. விடுதிக்கு வந்து பார்த்தால் 40 நிமிடத்தில் அணைந்து விட்டது. அந்த 3 மணி நேரம் பேட்டரியின் அளவு இல்லை. விண்டோஸ் போட்ட ஒரு மதிப்பீடு. அவ்வளவுதான்.

உங்களிடம் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் உண்மையான அளவை இப்போதே பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து கொள்ளுங்கள். அதில் பவர்சிஎப்ஜி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு பைல் உருவாகும். அது எந்த போல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டும். ப்ரவுசரில் திறந்து பாருங்கள்.

அதில் இரண்டு எண்கள் முக்கியம். டிசைன் கெபாசிட்டி என்பது பேட்டரி புதிதாக வந்தபோது எவ்வளவு பிடிக்கும் என்பது. புல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்று எவ்வளவு பிடிக்கிறது என்பது. இரண்டாவதை முதலாவதால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதத்தில் கிடைக்கும். டிசைன் 50,000, இன்று 40,000 என்றால் 80 சதவீதம்.

எலெக்ட்ரிக் காரிலும் இதே கணக்குதான். கார்க்காரர்கள் இதை எஸ்ஓஎச் என்று சொல்வார்கள். டாஷ்போர்டில் தெரியும் சார்ஜ் சதவீதம் வேறு, இது வேறு. 70 சதவீத ஆரோக்கியம் உள்ள பேட்டரியும் முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 100 என்றுதான் காட்டும். சின்னக் குடம் நிறைந்தாலும் நிறைந்த குடம்தானே!

யூனிட் கணக்கு

கார் பேட்டரியின் அளவை கிலோவாட் அவர் என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம். ஈபி கார்டில் எழுதும் ஒரு யூனிட்தான் அது. 30 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 30 யூனிட் மின்சாரம் பிடிக்கும் தொட்டி. இந்தக் கட்டுரையில் யூனிட் என்றே சொல்கிறேன்.

விளம்பரத்தில் போடும் தூரத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டாடா நெக்ஸான் இவி 2020 ஜனவரியில் வந்தபோது பேட்டரி 30.2 யூனிட், ஏஆர்ஏஐ சான்றளித்த தூரம் 312 கிலோ மீட்டர். அது சோதனைக் கூடத்தில் குறிப்பிட்ட முறையில் ஓட்டி அளந்த எண். ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி, ஹைவேயில் போனால் 200 ஐ ஒட்டித்தான் நிற்கும். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் சான்றளித்த தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏமாற மாட்டீர்கள்.

பேட்டரி ஏன் தேய்கிறது?

மூன்று காரணங்கள் முக்கியமானவை. வயது, வெயில், சார்ஜ் செய்யும் பழக்கம்.

ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயதாகும். அதனால் குறைந்த கிலோ மீட்டர் ஓடிய பழைய கார் என்றாலே நல்லது என்று எண்ணி விடாதீர்கள்.

வெயிலுக்கு ஒரு உதாரணம். நிஸ்ஸான் லீப் கார் 2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீரோ கூலன்ட்டோ ஓடும் அமைப்பு கிடையாது. 2012 இல், கொளுத்தும் வெயில் அடிக்கும் அரிசோனாவில் இருந்தவர்கள் தங்கள் கார் பேட்டரி சீக்கிரமே குறைந்து விட்டதாகப் புகார் செய்தார்கள். பிறகுதான் அந்தக் கம்பெனி பேட்டரி அளவுக்கும் தனியாக உத்தரவாதம் கொடுத்தது. நம் ஊர் வெயிலும் லேசுப்பட்டது இல்லை. பழைய கார் பார்க்கும்போது அந்த மாடலின் பேட்டரிக்கு கூலன்ட் ஓடும் குளிர்விப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சார்ஜ் பழக்கம் அடுத்தது. வீட்டில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றிய பேட்டரிக்கும், தினமும் பாஸ்ட் சார்ஜரில் சூடாக்கி ஏற்றிய பேட்டரிக்கும் வித்தியாசம் உண்டு. டாக்சியாக ஓடிய காரில் இரண்டாவது வகைதான் அதிகம். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம். பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. நெக்ஸான் போன்ற கார்களில் இருக்கும் எல்எப்பி வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். அந்த வகையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிப்பது காரின் கம்ப்யூட்டருக்குக் கஷ்டம். முழுதாக ஏறும்போதுதான் அது தன் கணக்கைச் சரி செய்து கொள்கிறது. என்எம்சி வகைக்கு தினசரி 80 போதும். எந்த வகை என்று மேனுவலில் பாருங்கள்.

புதிய காருக்கு என்ன சாதகம்?

முதலாவது உத்தரவாதம். நம் நாட்டில் பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோ மீட்டர் உத்தரவாதம் உண்டு. இதில் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. பேட்டரி ஆரோக்கியம் இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவோம் என்று ஒரு எல்லையும் இருக்கும். பல கம்பெனிகள் அதை 70 என்று வைத்திருக்கின்றன. சில புதிய மாடல்களில் ஆயுட்கால உத்தரவாதம் என்கிறார்கள். ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாவதாக வாங்குபவருக்கு அது சுருங்கி விடும். உத்தரவாதப் புத்தகத்தில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது வரி. எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2019 ஆகஸ்டில் 12 இல் இருந்து குறைத்தார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 ஆகக் குறைந்து விட்டதால் முன்பு இருந்த அளவு வித்தியாசம் இப்போது இல்லை. சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அதற்குக் கெடு தேதியும் உண்டு. வாங்கும் வாரத்தில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். இன்னும் ஒன்று. லோன் வட்டியில் 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 80 இஇபி என்ற அந்தச் சலுகை 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட லோன்களுக்கு மட்டும்தான்.

பழைய காருக்கு என்ன சாதகம்?

விலை. கம்ப்யூட்டர் போலவே எலெக்ட்ரிக் காரும் கடையை விட்டு வெளியே வந்ததும் மளமளவென்று விலை இறங்குகிறது. காரணம் எளிது. பேட்டரி செல்களின் விலை குறையக் குறைய புதிய காரின் விலையும் குறைகிறது. டாடா 2024 பிப்ரவரியில் நெக்ஸான் இவி விலையை 1.2 லட்சம் வரையும், டியாகோ இவி விலையை 70,000 வரையும் குறைத்தது. புதுசு விலை குறைந்தால் பழசு விலை தானாகக் குறையும். முதல் உரிமையாளருக்கு அது நஷ்டம். இரண்டாவதாக வாங்கும் நமக்கு லாபம்.

மோட்டாருக்கு ஆயில் மாற்ற வேண்டியது இல்லை. கிளட்ச் இல்லை. பிரேக்கும் மெதுவாகத்தான் தேயும். ஆகவே பழைய பெட்ரோல் காரில் பயப்படும் பல விஷயங்கள் இங்கே இல்லை. பயம் எல்லாம் ஒரே இடத்தில். அது பேட்டரி.

பழைய காரைச் சோதிப்பது எப்படி?

கோவையில் ஒரு பழைய கார் டீலரிடம் மாமாவுக்கு ஒரு கார் பிடித்து விட்டது. 30 யூனிட் பேட்டரி. வயது 4 வருடம் 8 மாதம். ஓடியது 58,000 கிலோ மீட்டர். விலை 6.4 லட்சம். "ஒரே ஓனர் சார், ஒரு கீறல் கூடக் கிடையாது" என்றார் டீலர். டாஷ்போர்டில் 240 கிலோ மீட்டர் போகும் என்று காட்டியது. என் லேப்டாப் காட்டிய 3 மணி நேரம் நினைவுக்கு வந்தது. அந்த எண் கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் சொல்லும் ஊகம். மெதுவாக ஓட்டி விட்டு நிறுத்தினால் கூடக் காட்டும்.

நாங்கள் செய்த சோதனை இதுதான். நீங்களும் செய்யலாம்.

1. காரை 100 சதவீதம் சார்ஜ் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

2. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். ஏசி போட்டு, நீங்கள் தினமும் போகும் ரோட்டில் குறைந்தது 80 கிலோ மீட்டர் ஓட்டுங்கள். 10 கிலோ மீட்டர் ஓட்டிப் பார்த்தால் பிழை அதிகம் வரும்.

3. திரும்பி வந்ததும் மூன்று எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். ஓடிய தூரம், 100 கிலோ மீட்டருக்குச் செலவான யூனிட், மிச்சம் இருக்கும் சார்ஜ் சதவீதம்.

எங்களுக்குக் கிடைத்தது 84 கிலோ மீட்டர், 13.7 யூனிட், 57 சதவீதம். 84 ஐ 13.7 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்தால் 11.5. ஆக 43 சதவீத சார்ஜில் 11.5 யூனிட் செலவாகி இருக்கிறது. அப்படியானால் முழு பேட்டரியில் எவ்வளவு? 11.5 ஐ 0.43 ஆல் வகுத்தால் 26.7 யூனிட். புதிதில் 30. ஆகவே ஆரோக்கியம் ஏறக்குறைய 89 சதவீதம். 26.7 யூனிட்டில் 195 கிலோ மீட்டர் போகலாம். டாஷ்போர்டு சொன்ன 240 இல்லை. ஆனாலும் மாமாவின் 90 க்குத் தாராளம்.

கம்பெனிகள் பேட்டரியில் கொஞ்சம் அளவைப் பயன்படுத்த விடாமல் ஒதுக்கி வைப்பதால் புதிய காரிலேயே இந்தக் கணக்கில் 100 வராது. ஆகவே 89 என்பது நல்ல எண்தான். வசதி இருந்தால் ஓபிடி என்ற சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் மூலம் மொபைலில் பார்க்கலாம். செல் வோல்டேஜ்களுக்கு இடையே வித்தியாசம் அதிகம் இருந்தால் தெரிந்து விடும். எல்லா மாடலிலும் எல்லா எண்ணும் கிடைக்காது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்வதுதான் உறுதியான வழி.

கடைசி நிமிடத்தில் தெரிந்த உண்மை

89 என்று நான் சொன்னதும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "மாப்ளே, முடிச்சிடலாமா?" என்று முன்பணம் 25,000 ஐ எடுத்து விட்டார். சர்வீஸ் ஹிஸ்டரி பார்த்து விடலாம் என்று நான்தான் தடுத்தேன். டீலர் நாளை தருகிறேன், நாளை தருகிறேன் என்று நான்கு நாள் ஓட்டினார். ஐந்தாவது நாள் மாமாவே ஆர்சி நகலையும் சேசிஸ் நம்பரையும் எடுத்துக் கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

கம்ப்யூட்டரில் பார்த்த பையன் ஒரு நிமிடம் பேசவில்லையாம். 2023 டிசம்பரில் அந்தக் கார் சென்னையில் கட்டி இழுத்து வரப்பட்டிருக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளம். பேட்டரி பெட்டியின் கனெக்டர் வரை தண்ணீர் போயிருக்கிறது. சுத்தம் செய்து ஓட வைத்து விட்டார்கள். ஆனால் பேட்டரி உத்தரவாதம் ரத்து என்று பதிவு இருந்தது.

யோசித்துப் பாருங்கள். என் 84 கிலோ மீட்டர் சோதனையில் இது தெரியவே இல்லை. பேட்டரி இன்று நன்றாகத்தான் இருக்கிறது. நாளை உள்ளே துரு பிடித்து நின்றால் அக்காவின் சீட்டுப் பணம் மொத்தமும் ஒரு பேட்டரியில் போயிருக்கும். டீலருக்கே தெரியாமல் இருந்ததா, தெரிந்தே மறைத்தாரா என்று நான் சொல்ல முடியாது. சோதனை என்பது இன்றைய நிலையைச் சொல்லும். நேற்று நடந்ததை ரெக்கார்டுதான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

எக்செல்லில் 5 வருடக் கணக்கு

அடுத்து மூன்று வழிகளை எக்செல்லில் போட்டோம். ஏ வரிசையில் செலவின் பெயர். பி, சி, டி மூன்றிலும் மூன்று கார்கள். கார் ஓடுவதற்கான மின்சாரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மாமாவின் ஓட்டம் மாதம் 2,200 கிலோ மீட்டர். 5 வருடத்தில் 1,32,000.

லோன் தவணைக்கு பார்முலாஸ் மெனுவில் இன்சர்ட் பங்ஷன் க்ளிக் செய்து பிஎம்டி என்பதைத் தேர்வு செய்யுங்கள். ரேட் என்ற இடத்தில் வருட வட்டியை 12 ஆல் வகுத்துக் கொடுங்கள். அடுத்த இடத்தில் எத்தனை மாதம், அதற்கடுத்த இடத்தில் லோன் தொகை. தவணை கழித்தல் குறியோடு வரும், கவலைப்பட வேண்டாம். தவணையை மாதத்தால் பெருக்கி லோனைக் கழித்தால் மொத்த வட்டி.

முதல் கார் புதியது. 24 யூனிட் பேட்டரி, ரோட்டுக்கு வரும் விலை 11.2 லட்சம். லோன் 6.2 லட்சம், 9 சதவீதம், 60 மாதம். தவணை 12,870 ரூபாய். மொத்த வட்டி 1.52 லட்சம். முதல் வருட இன்சூரன்ஸ் விலையிலேயே சேர்ந்து விட்டது. மீதி 4 வருடத்துக்கு 1 லட்சம். டயர் இரண்டு செட் 48,000. 5 வருடம் கழித்து விற்றால் 3.5 லட்சம் வரும் என்று வைத்தோம். நிகரச் செலவு 10.7 லட்சம்.

இரண்டாவது கார் டீலரிடம் பார்த்தது போல 5 வருடத்தை நெருங்கிய, ஆனால் வெள்ளத்தில் சிக்காத கார். விலை 6.4 லட்சம். லோன் 1.4 லட்சம், பழைய காருக்கு வட்டி அதிகம் என்பதால் 13 சதவீதம், 36 மாதம். வட்டி 30,000. இன்சூரன்ஸ் 90,000. டயர் மூன்று செட் 72,000. விற்றால் 1 லட்சம். நிகரம் 7.32 லட்சம்.

மூன்றாவது கார் 2 வருடம் ஆன, 22,000 கிலோ மீட்டர் ஓடிய, 24 யூனிட் கார். விலை 7.6 லட்சம். லோன் 2.6 லட்சம், 12 சதவீதம், 48 மாதம். தவணை 6,850 ரூபாய். வட்டி 69,000. இன்சூரன்ஸ் 1.1 லட்சம். டயர் 72,000. விற்றால் 1.5 லட்சம். நிகரம் 8.61 லட்சம்.

விற்கும் விலை எல்லாம் எங்கள் ஊகம்தான். நீங்கள் போடும்போது கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். நல்ல விலை கிடைத்தால் லாபம்தானே.

பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது கார் ஜெயிக்கிறது. இப்போது இன்னொரு வரி சேருங்கள். உத்தரவாதம் எவ்வளவு நாள் மிச்சம்?

இரண்டாவது காருக்கு 3 வருடம் 4 மாதம்தான் மிச்சம். அதற்குப் பிறகு மாமா ஓட்டப் போகும் 20 மாதமும் கடவுள் விட்ட வழி. முழு பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் லட்சக்கணக்கில் செலவு. மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போய் விடும். மூன்றாவது காருக்கு 6 வருடம், 1,38,000 கிலோ மீட்டர் மிச்சம். மாமாவின் 5 வருடமும், 1,32,000 கிலோ மீட்டரும் அதற்குள் அடங்கி விடுகிறது. புதிய காரை விட 2.09 லட்சம் குறைவு. பழைய காரை விட 1.29 லட்சம் அதிகம். அந்த 1.29 லட்சம்தான் நிம்மதிக்கு நாங்கள் கொடுக்கும் விலை.

இதே தாளில் என் அப்பாவின் ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். மாதம் 400 கிலோ மீட்டர். கோவில், மருத்துவமனை, கல்யாண வீடு. அவருக்கு அந்தப் பழைய காரே போதும். 3 வருடத்தில் 15,000 கிலோ மீட்டர் கூட ஓட்ட மாட்டார். உத்தரவாதம் இருக்கும்போதே விற்று விடலாம். ஒரே தாள், இரண்டு விடை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாங்கினார் என்று பார்த்து வாங்காதீர்கள்.

வீட்டில் ப்ளக் இருக்கிறதா?

இதுதான் உண்மையில் முதல் கேள்வி. வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் எர்த்திங் சரியாக உள்ள 16 ஆம்பியர் ப்ளக் பாயின்ட் இருந்தால் 3.3 கிலோவாட் வேகத்தில் ஏற்றலாம். மாமாவின் தினசரி ஓட்டத்துக்கு 13 யூனிட் போதும். ஏறக்குறைய 4 மணி நேரம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஏற்றவே ஏற்றாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் இருந்து தனி வயர் இழுத்துக் கொள்ளுங்கள்.

சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து மாமாவுக்கு மாதம் 350 யூனிட் ஆகும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் விலை ஏறி விடும் என்பதால் 10 ரூபாய் என்றே வைத்தோம். மாதம் 3,500 ரூபாய். அதே தூரம் லிட்டருக்கு 16 கிலோ மீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 13,750 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் மிச்சம். தவணையே அதில் அடைந்து விடும். ஆனால் வீட்டில் ப்ளக் இல்லாமல் வெளியே பாஸ்ட் சார்ஜரையே நம்பினால் யூனிட் 20 ரூபாய் கூட ஆகலாம். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்து விடும். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் அசோசியேஷன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு காரைப் பாருங்கள்.

பழைய காரில் மறக்கக் கூடாதவை

சார்ஜிங் போர்ட்: பழைய கம்ப்யூட்டரில் இன்றைய பென் டிரைவ் செருக முடியாமல் தவிப்பது போல இங்கும் உண்டு. இப்போது பொது இடங்களில் இருப்பது பெரும்பாலும் சிசிஎஸ் 2 வகை. 2019 இல் வந்த டாடா டிகோர் இவி போன்ற ஆரம்ப கால கார்களில் வேறு வகை போர்ட். மலிவாகக் கிடைக்கும். வெளியூர் போனால் சார்ஜர் கிடைக்காது.

பேட்டரி யாருடையது: எம்ஜி வின்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது காரை ஒரு விலைக்கும், பேட்டரியை கிலோ மீட்டருக்கு 3.5 ரூபாய் வாடகைக்கும் கொடுக்கும் திட்டம் வந்தது. அப்படி வாங்கிய காரைப் பழசாக வாங்கினால் பேட்டரி ஒப்பந்தம் என்ன ஆகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய ஓனரின் மொபைல்: பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் பார்மட் செய்வோம் அல்லவா? அது போலத்தான். கம்பெனி ஆப்பில் கார் இன்னும் பழைய ஓனர் பெயரில் இருந்தால், கார் எங்கே நிற்கிறது என்று அவர் வீட்டில் இருந்தே பார்க்க முடியும். சில கார்களில் கதவைக் கூடத் திறக்கலாம். பணம் கொடுக்கும் முன் அவர் கணக்கில் இருந்து நீக்கச் சொல்லி, உங்கள் பெயரில் சேர்த்து, ஸ்கிரீனில் பேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

ரெக்கார்டுகள்: எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைக் கொடுத்து ஆர்சி விவரம், இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். லோன் இருந்தால் பேங்கின் என்ஓசியும் பாரம் 35 உம் வேண்டும். பெயர் மாற்ற பாரம் 29, 30. சர்வீஸ் ஹிஸ்டரி, இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரம், பேட்டரி உத்தரவாதம் உயிரோடு இருக்கிறது என்ற கடிதம் அல்லது பிரின்ட். இவற்றை எல்லாம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டீலர் அவசரப்படுத்தினால் நீங்கள் மெதுவாகுங்கள்.

முடிவாக

மாதம் 2,000 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுபவர், 7, 8 வருடம் வைத்திருக்கப் போகிறவர், தவணை கட்டுப்படியாகிறவர் புதியதை வாங்கலாம். ஓட்டம் குறைவு, வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால் 4 வருடம் ஆனது கூடப் பரவாயில்லை. இடையில் இருப்பவர்கள் 2 முதல் 3 வருடம் ஆன காரைத் தேடுங்கள். நீங்கள் வைத்திருக்கப் போகும் காலமும் தூரமும் மிச்சம் இருக்கும் உத்தரவாதத்துக்குள் அடங்குகிறதா என்பதுதான் ஒரே கேள்வி.

மாமா மூன்றாவது வகையில் ஒரு கார் வாங்கி விட்டார். திருப்பூரில் ஒரு ஆசிரியர் வைத்திருந்த கார். சர்வீஸ் பிரின்ட், பேட்டரி ரிப்போர்ட் இரண்டையும் அவரே பைல் போட்டு வைத்திருந்தார். எங்கள் சோதனையில் 95 வந்தது. இப்போது தினமும் ராத்திரி ப்ளக் மாட்டுவது அக்காவின் பையனின் வேலை. சார்ஜ் எவ்வளவு, எத்தனை கிலோ மீட்டர் என்று எக்செல்லில் அவனே எழுதுகிறான். மாதக் கடைசியில் அந்தத் தாள் எனக்கு மெயிலில் வந்து விடுகிறது.

நீங்கள் கார் பார்க்கக் கிளம்பும் முன் உங்கள் லேப்டாப்பில் அந்த பேட்டரி ரிப்போர்ட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அது புரிந்து விட்டால் காரும் புரிந்து விடும்.